ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் வராதா? ஸ்பெயின் ஆய்வு சொன்னது என்ன?

"ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் 68 சதவீதம் குறையும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். சொந்தக் கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுக்கும் வீடுகளில்கூட, "அந்த எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வைப்போமா?" என்று பேச்சு வருகிறது. கடலை எண்ணெயைப் போலப் பல மடங்கு விலை உள்ள பொருள் அது. வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன், அந்த 68 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அது பொய்யான எண் இல்லை. ஆனால் செய்தியை அனுப்புகிறவர்கள் அதன் முழுக் கதையைச் சொல்வதில்லை.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். நகரத்துப் பெண்களுக்கு வரும் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. அதனால்தான் விவசாயப் பக்கத்தில் இதை எழுதுகிறோம்.

மூன்று பாத்தி போட்ட ஆய்வு

ஸ்பெயின் நாட்டில் 2003-ல் 'பிரெடிமெட்' என்ற ஆய்வு தொடங்கியது. அது முதலில் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பற்றிய ஆய்வுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள், அல்லது ரத்தக்கொதிப்பு, உடல் பருமன், புகைப்பழக்கம் போல மூன்று காரணங்களாவது சேர்ந்திருந்தவர்கள் என 7447 பேரை இதில் சேர்த்தார்கள். இவர்களில் 60 முதல் 80 வயது வரையுள்ள பெண்கள் 4282 பேர்.

வேளாண் அறிவியல் நிலையத்தில் செயல்விளக்கத் திடல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாத்திக்குப் புது உரம், அடுத்ததற்கு வேறு உரம், மூன்றாவதற்கு வழக்கமான முறை. அதே போலத்தான் இந்தப் பெண்களையும் சீட்டுக் குலுக்குவது போல மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு மத்திய தரைக்கடல் நாட்டு உணவுமுறையைச் சொல்லிக்கொடுத்து, வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயைக் குடும்பத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இரண்டாவது பிரிவுக்கும் அதே உணவுமுறைதான். ஆனால் எண்ணெய்க்குப் பதிலாக நாள் ஒன்றுக்கு 30 கிராம் பருப்பு வகை. அதில் பாதி வால்நட், மீதி பாதாமும் ஹேசல் பருப்பும். மூன்றாவது பிரிவுக்கு "கொழுப்பைக் குறைத்துச் சாப்பிடுங்கள்" என்ற ஆலோசனை மட்டும்.

ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கவனித்ததில் 35 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. ஆயிரம் பெண்களை ஒரு ஆண்டு கவனித்தால் எத்தனை பேருக்கு வரும் என்று கணக்கிட்டார்கள். ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் 2.9. பருப்பு வாங்கிய பிரிவில் 1.8. எண்ணெய் வாங்கிய பிரிவில் 1.1. புள்ளி போட்ட எண் குழப்பினால் பத்தாயிரம் பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு 29 பேர், 18 பேர், 11 பேர். வயது, உடல் எடை போன்ற வித்தியாசங்களையும் சரிசெய்து பார்த்தபோது, எண்ணெய்ப் பிரிவில் ஆபத்து 68 சதவீதம் குறைவு என்று வந்தது. 2015-ல் இந்த முடிவு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாகி உலகம் முழுவதும் செய்தியானது.

பத்து விதையை வைத்து முளைப்புத் திறன் பார்த்தது போல

இப்போது செய்தியில் விடுபட்ட பகுதிக்கு வருவோம்.

விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து முளைப்புப் பார்க்கிறீர்கள். எட்டு முளைத்தால் 80 சதவீதம் என்று சொல்லிவிடலாம். அதே மூட்டையில் இருந்து இன்னொரு பத்தை எடுத்தால் ஆறுதான் முளைக்கும், அல்லது பத்தும் முளைக்கும். நூறு, நானூறு என்று போட்டுப் பார்த்தால்தான் கணக்கு நிலைக்கு வரும். இந்த ஆய்வில் பெண்கள் நாலாயிரத்துக்கு மேல் இருந்தாலும் நோய் வந்தவர்கள் வெறும் 35 பேர். அதையும் மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். அதனால்தான் ஆய்வாளர்கள் 68 என்ற எண்ணோடு ஒரு எல்லையையும் சேர்த்துச் சொன்னார்கள்: உண்மையான பலன் 21 சதவீதமாகவும் இருக்கலாம், 87 சதவீதமாகவும் இருக்கலாம். பருப்புப் பிரிவில் தெரிந்த குறைவு தற்செயலாக வந்ததாகக்கூட இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது.

இன்னொன்று, இவர்கள் எல்லோரும் மாதவிடாய் நின்ற, வெள்ளை இனப் பெண்கள். 35 வயதுப் பெண்ணுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆய்வு தொடங்கியது இதய நோய்க்காக என்பதால், எல்லாப் பெண்களுக்கும் ஒரே ஒழுங்கில் மேமோகிராம் எடுத்ததா என்பதையும் அவர்கள் கண்காணிக்கவில்லை.

சீட்டுக் குலுக்கலிலும் ஒரு கோளாறு நடந்தது. நம் ஊரில் நடந்தால் எப்படி இருக்குமோ அப்படியே நடந்திருக்கிறது. ஒரு கிராமத்தில் சிலருக்கு மட்டும் இலவச எண்ணெய் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், "அவர்களுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர், சண்டை வேண்டாம் என்று ஊர் மருத்துவமனை வாரியாக ஒரே பிரிவில் போட்டுவிட்டார். ஒரு பாத்திக்குப் பதில் ஊர் முழுவதையும் ஒரே பாத்தியாக ஆக்கியது போல. விஷயம் பின்னால் தெரிந்து, இதய நோய் பற்றி 2013-ல் வந்த முதல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி 2018-ல் மீண்டும் வெளியிட்டார்கள். சந்தேகத்துக்கு உரிய 1588 பேரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டபோதும் இதய நோய் முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய்க் கணக்கும் இதே ஆட்களை வைத்துப் போட்டதுதான் என்பதை மறக்கக் கூடாது.

நல்ல அறிகுறி தரும் ஒரு சிறிய ஆய்வு. அதற்கு மேல் இதைச் சுமக்க வைப்பது தவறு என்பது எங்கள் கருத்து.

அந்த எண்ணெயில் என்னதான் இருக்கிறது?

ஆலிவ் என்பது பைபிளில் ஒலிவ மரம் என்றும், இஸ்லாமியர் வீடுகளில் சைத்தூன் என்றும் சொல்கிறார்களே, அதே மரம்தான். நாம் கடலை, எள் என்று விதையை ஆட்டி எண்ணெய் எடுக்கிறோம். அங்கே பழத்தின் சதையில் எண்ணெய் இருக்கிறது. பழத்தைக் கொட்டையோடு அரைத்து, சூடு ஏற்றாமல் பிழிந்து அல்லது சுழற்றிப் பிரித்து எடுப்பதுதான் முதல் தரம். அதில் அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்குள் இருந்து, வாசனையிலும் சுவையிலும் குறை இல்லாமல் இருந்தால்தான் எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்று பெயர் போடலாம்.

இந்த எண்ணெயில் பெரும்பகுதி ஓலீயிக் அமிலம் என்ற கொழுப்பு. கூடவே பழத்தில் இருந்து வரும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருட்கள் சிறிதளவு இருக்கும். புதிதாக எடுத்த எண்ணெயைக் குடித்தால் தொண்டையில் சுரீர் என்று எரியும். அந்த எரிச்சலைத் தருவது ஓலியோகாந்தால் என்ற பொருள் என்றும், அது ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை போலவே வீக்கத்தைத் தணிக்கும் வேலையைச் செய்கிறது என்றும் 2005-ல் கண்டுபிடித்தார்கள். இந்தப் பாலிஃபீனால்கள் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுத்திருக்கின்றன. ஆனால் தட்டில் நடப்பதெல்லாம் உடம்பில் நடக்காது. ஆய்வகத்தில் பூச்சியைக் கொன்ற மருந்து வயலில் வேலை செய்யாமல் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கடையில் ஏமாறும் இடமும் இதுதான். ஆலிவ் எண்ணெய் என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையில் இருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரிப்பது 'பொமேஸ்' எண்ணெய். நம் ஊரில் கடலைப் புண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயை ஆலைகளில் எடுக்கிறார்களே, அதே முறை. "இந்தியச் சமையலுக்கு ஏற்றது" என்று சொல்லிக் குறைந்த விலையில் விற்பதில் பெரும்பாலும் இந்தப் பொமேஸ்தான் இருக்கும். தீங்கு என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்பெயினில் கொடுத்தது இது இல்லை. சுத்திகரிக்கும்போது பாலிஃபீனால்கள் பெரும்பாலும் போய்விடும். பணம் கொடுத்து வாங்குபவர்கள் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எண்ணெய் மட்டும் தனியாக வரவில்லை

செய்திகளில் காணாமல் போகும் இன்னொரு விஷயம், எண்ணெய் வாங்கிய பெண்கள் எண்ணெயை மட்டும் சாப்பிடவில்லை என்பது. காய்கறி, பழம், பயறு, மீன், பருப்பு வகைகள் அதிகம்; ஆட்டு, மாட்டு இறைச்சியும் இனிப்புப் பண்டமும் குறைவு. இதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை.

இந்த உணவுமுறை எந்த மருத்துவமனையிலும் உருவானதில்லை. அது உழவர் வீட்டுச் சாப்பாடு. ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1958-ல் ஏழு நாடுகளை ஒப்பிடும் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். அதில் கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக் கிராமத்து ஆட்களுக்கு இதய நோய் மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் அப்போது சாப்பிட்டது ரொட்டி, மலையில் பறித்த காட்டுக் கீரை, பயறு, பழம், எப்போதாவது மீன், அதைவிட எப்போதாவது இறைச்சி. எல்லாவற்றின் மேலும் தாராளமாக ஆலிவ் எண்ணெய். நாள் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து தோட்ட வேலை. அந்த ஆய்வில் பார்த்தது ஆண்களை மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கே சாப்பாட்டோடு திராட்சை மதுவும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் குடித்தால் நல்லது" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் மது எந்த அளவிலும் ஆபத்தைக் கூட்டவே செய்கிறது.

நம் வீட்டு எண்ணெய்க்கு வருவோம்

கடலை எண்ணெயில் ஏறத்தாழ பாதி அதே ஓலீயிக் அமிலம்தான். நல்லெண்ணெயில் நூற்றுக்கு 40 அளவில் இருக்கும். தேங்காய் எண்ணெய் வேறு வகை. அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. ஓலீயிக் அமிலம் 80 சதவீதத்தை நெருங்கும் நிலக்கடலை ரகங்களும் வந்துவிட்டன. ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிறுவனமும் இக்ரிசாட்டும் சேர்ந்து கொண்டுவந்த கிர்னார் 4, கிர்னார் 5 என்பவை அவை. இந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது என்பதால் ஆலைக்காரர்கள் விரும்புகிறார்கள். கடலை போடுபவர்கள் அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு, "கடலை எண்ணெய் மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும்" என்று ஒரு புதுச் செய்தியைக் கிளப்பிவிடாதீர்கள். ஸ்பெயினில் ஆய்வு செய்தது ஆலிவ் எண்ணெயை. அதன் முடிவை எடுத்துக் கடலை எண்ணெய்க்கு ஒட்ட வைக்க முடியாது. ஆனால் கீரை, பயறு, காய், கைப்பிடி வேர்க்கடலை, சிறுதானியம், மீன் என்று சாப்பிடும் வீட்டுக்கு, கடன் வாங்கி ஆலிவ் எண்ணெய் வாங்க வேண்டிய அவசியம் எதுவும் இந்த ஆய்வில் இல்லை. வரப்பில் தட்டைப்பயறும் கிணற்றடியில் முருங்கையும் இருக்கும் வீடு பாதி தூரம் வந்துவிட்ட வீடு. விற்றது போக மிச்சம் இருந்தால் சாப்பிடுவது என்றில்லாமல், வீட்டுக்கு என்று முதலில் எடுத்து வையுங்கள்.

எண்ணெய் நல்லது என்று கேட்டுவிட்டு இருக்கிற எண்ணெய்க்கு மேல் இன்னும் ஊற்றினால் உடல் எடைதான் கூடும். மாதவிடாய் நின்ற பிறகு எடை கூடுவது மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் என்பது, ஆலிவ் எண்ணெய்க் கணக்கைவிட உறுதியாகத் தெரிந்த விஷயம். தாய்ப்பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கும் என்பதும் அப்படித்தான்.

ஆலிவ் கன்று வாங்கி நடலாமா என்று சிலர் கேட்பீர்கள். ராஜஸ்தானில் இஸ்ரேல் நாட்டின் உதவியோடு நட்டு, பிகானேர் பக்கம் எண்ணெய் ஆலையும் வைத்திருக்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் நல்ல குளிர் உண்டு. ஆலிவ் மரம் பூ எடுக்க அந்தக் குளிர் வேண்டும். நம் சமவெளியில் மரம் பச்சையாக வளரும், காய்ப்பை நம்ப முடியாது. கன்று விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், காய்த்த மரத்தை இதே தட்பவெப்பத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கட்டி வந்த பிறகு எண்ணெய் வேலை செய்யாது

இதுவரை சொன்னது எல்லாம் நோய் வருவதற்கு முன் உள்ள கதை. நோய் வந்த பிறகு உணவை மாற்றினால் என்ன ஆகும் என்று இத்தாலியில் தனியாக ஆய்வு செய்தார்கள். 'டயானா-5' என்று பெயர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 1542 பெண்களில் பாதிப் பேருக்கு மத்திய தரைக்கடல் சமையலை வகுப்பு வைத்தே கற்றுக்கொடுத்தார்கள். மீதிப் பேருக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பியவர்கள் ஒரு பிரிவில் 95 பேர், மறு பிரிவில் 98 பேர். இரண்டும் ஒன்றேதான். உணவை மிக அதிகமாக மாற்றிக்கொண்டவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது என்றாலும், அவர்கள் வேறு வகையிலும் தங்களைக் கவனித்துக்கொண்டவர்களாக இருக்கலாம்.

ஆகவே, மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெய், சாறு, பொடி என்று போவது உயிரோடு விளையாடுவது. சிகிச்சையில் இருப்பவர்கள் பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும் ஒதுக்கிவிட்டு உடம்பை வற்ற வைக்கவும் வேண்டாம். கூடுதலாக எந்தக் கேப்சூல் எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

நம் பெண்கள் விஷயத்தில் உண்மையான ஆபத்து எண்ணெயில் இல்லை, தள்ளிப்போடுவதில் இருக்கிறது. மார்பகக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லையே என்று நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று ஒரு வருடம் ஓடிவிடும். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சம் வேறு. கட்டி சிறிதாக இருக்கும்போது போனால் பெரும்பாலானவர்கள் குணமடையக்கூடிய நோய் இது. அக்குளுக்குப் பரவி, தோல் புண்ணான பிறகு போனால் செலவும் வேதனையும் பல மடங்கு.

குளிக்கும்போது தட்டுப்படும் கெட்டியான கட்டி, உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பில் இருந்து ரத்தம் கலந்த கசிவு, ஆரஞ்சுத் தோல் போலக் குழி குழியாகிவிட்ட தோல், அக்குளில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். காட்டிய பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும்.

இதற்குப் பெரிய இயந்திரம் முதலிலேயே வேண்டும் என்பதும் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். 2021-ல் வந்த முடிவில், 50 வயதைக் கடந்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதைவிட இளைய பெண்களிடம் அப்படிக் குறையவில்லை. ஆனாலும் இந்தியப் பெண்களிடமே, ஒன்றரை லட்சம் பேரிடம், இருபது ஆண்டு பார்த்து எழுதிய கணக்கு இது. ஸ்பெயின் எண்ணெய்க் கணக்கை அனுப்புகிற வேகத்தில் இதை யாரும் அனுப்புவதில்லை.

அதே கைப்பரிசோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். பெண் செவிலியர்தான் பார்ப்பார். அவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். சந்தேகம் இருந்தால் அவரே மருத்துவரிடம் காட்டி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மேமோகிராமுக்கு எழுதிக்கொடுப்பார். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் அதைப் பயன்படுத்தலாம். போகும்போது ஆதாரையும் குடும்ப அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அம்மா, பெரியம்மா, அக்கா, தங்கை யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள்.